அந்த வெள்ளிக்கிழமை அரை மணி நேரத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் பிள்ளைகள் வந்துபோகும் மழலையர் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு,

போன திங்கட்கிழமை பிள்ளைகளின் பையில் வைத்து நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை நான்கு முறை படித்துவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை கடைசி அரை மணி நேரப் பாட்டு வேளைக்குப் பெற்றோர் வர வேண்டாம், அந்த நேரத்தில் பெரிய திரையில் பாட்டுக் காணொளிகள் போடப்படும், நான்கு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் தனியாக இசைப் பயிற்சி நடக்கும் என்று அதில் இருக்கிறது. மூன்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். சத்தம் அதிகம், பெரியவர்கள் வந்துபோவதால் ஒழுங்கு குலைகிறது. இந்த இரண்டையும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது காரணத்தைப் படித்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். "இசைப் பயிற்சி இல்லாத பெரியவர்கள் உடன் பாடுவது குழந்தைகளின் சுருதி உணர்வைக் கெடுக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பெரியவர்களில் நானும் ஒருவன். இசை படித்ததில்லை. எட்டு வயதில் பள்ளியில் கூட்டுப் பாட்டுக்கு நின்றபோது சொல்லிக்கொடுத்தவர் என் பக்கத்தில் வந்து குனிந்து, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்றார். அதோடு சரி. அப்புறம் 25 வருடம் நான் ஒரு வரி கூட வாய்விட்டுப் பாடவில்லை, பிறந்தநாளில் எல்லோரும் சேர்ந்து பாடும்போதுகூடக் கை மட்டும் தட்டிக்கொண்டு நிற்பேன். அவர் கெட்டவர் இல்லை. நிகழ்ச்சி நன்றாக அமைய வேண்டும் என்று நினைத்திருப்பார், நீங்களும் பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் அவர் சொன்னதும் நீங்கள் சொல்வதும் ஒன்றேதான். பாட்டு என்பது நன்றாகப் பாடத் தெரிந்தவர்களுடையது, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். எனக்குச் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். என் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லும்போது சும்மா இருக்க முடியவில்லை.

மூத்தவளுக்கு மூன்று வயதில் முதல் வெள்ளிக்கிழமை வந்தேன். பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தேன், பாட்டு டீச்சர் என் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார், பாடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பாட்டு வரை கிலுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது, அது எப்படியோ என் வாயிலும் வந்துவிட்டது, மெதுவாக, எனக்கே கேட்காத அளவில். மடியில் இருந்த மகளுக்குக் கேட்டிருக்கிறது. சட்டென்று திரும்பினாள். என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். ஒரு விரலை என் கீழுதட்டில் வைத்துப் பார்த்தாள், அங்கிருந்துதான் வருகிறதா என்று. அந்த விரல் எடுக்கப்படும் வரை நான் நிறுத்தவில்லை. அன்று இரவு படுக்கையில், "அப்பா, அந்தப் பாட்டு" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் பாட்டு அது. என் குரலிலும் பாட்டு இருக்கிறது என்று மூன்று வருடம் அவளுக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

இளையவன் விஷயம் வேறு. இரண்டு வயது தாண்டியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. 'மா' என்பான், ஒரு கை நீட்டல், ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். பாட்டு வேளையில் ஒரு குருவிப் பாட்டு உண்டு, டீச்சர் தானே கட்டியது, ஒவ்வொரு அடியும் "பறந்து பறந்து பறந்து... போ" என்று முடியும். அந்தக் கடைசிச் 'போ'வுக்கு முன்னால் அவர் நிறுத்துவார். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிள்ளைகள் கத்துவார்கள், "போ!" இவன் மட்டும் வாயைத் திறந்தபடி மற்ற பிள்ளைகளைப் பார்ப்பான். ஏழு வாரம் இப்படியே போனது. எட்டாவது வாரம் அவன் முதுகு என் நெஞ்சில் ஒட்டியிருந்தது, பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் அவன் விலா விரிந்து மூச்சு உள்ளே போவதை என் நெஞ்சில் உணர்ந்தேன். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது தெரிந்திருக்காது. நான் என் உள்ளங்கையை டீச்சர் பக்கமாகத் தூக்கிக் காட்டினேன், கொஞ்சம் பொறுங்கள் என்று. அவர் புரிந்துகொண்டார். அறையே காத்திருந்தது, மற்ற பிள்ளைகள்கூட. உதடு குவிந்தது, முதலில் வெறும் காற்று, அப்புறம் "...போ." சுருதியில் எல்லாம் இல்லை. டீச்சர் பாட்டை நிறுத்திக் கொண்டாடவில்லை, கை தட்டச் சொல்லவில்லை, அடுத்த அடிக்குப் போனார், அதன் முடிவில் மறுபடியும் நிறுத்தினார், அவன் மறுபடியும் சொன்னான்.

பாட்டுதான் அவனைப் பேச வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சுப் பயிற்சியாளரிடமும் அழைத்துப் போய்க்கொண்டிருந்தோம், அவர்கள் உழைப்பும் இதில் இருக்கிறது. நான் சொல்வது, அந்த ஒரு சொல் வெளியே வர இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவன் மூச்சைத் தன் உடம்பில் உணர்கிற ஒருவர், அதற்காகப் பாட்டை நிறுத்தி வைக்கிற இன்னொருவர். நீங்கள் போடப்போகிற காணொளி யாருக்காகவும் நிற்காது. குழந்தை மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அது அடுத்த அடிக்குப் போய்விடும், ஏழு வாரமானாலும் எழுபது வாரமானாலும் அதே வேகத்தில்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனால் உங்கள் சுற்றறிக்கை அறிவியல் பேசும் தொனியில் இருந்ததால், கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன், பயிற்சி இல்லாத பெற்றோரின் குரல் பிள்ளையின் காதைக் கெடுக்கும் என்று ஒரு இடத்திலும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் வேறு பக்கமாக இருந்தது. 1980ல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு பேர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், ரப்பர் காம்பைச் சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டால் தங்கள் அம்மாவின் குரல் கேட்கும், இல்லாவிட்டால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும் என்று ஏற்பாடு. குழந்தைகள் அம்மாவின் குரல் வரும்படி சப்பினார்கள். அந்த அம்மாக்களுக்குக் குரல் வளம் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை.

சுருதியைப் பற்றியே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அதைத்தான் எடுத்தீர்கள். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் சாண்ட்ரா ட்ரெஹப் என்பவர் பல வருடம் தாய்மார்கள் குழந்தைகளுக்குப் பாடுவதை ஆராய்ந்தவர். அவரும் பெர்கெசன் என்பவரும் 2002ல் வெளியிட்ட ஆய்வில், அம்மாக்கள் தங்கள் குழந்தைக்கு ஒரே பாட்டை வெவ்வேறு நாட்களில் பாடியதைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். கிட்டத்தட்ட அதே சுருதி, அதே வேகம். சுருதிப் பெட்டி வைத்துப் பாடியவர்கள் இல்லை, வீட்டில் குழந்தைக்குப் பாடுகிற சாதாரண அம்மாக்கள். தினமும் பாடுகிற பாட்டு உடம்பில் ஏறிவிடுகிறது. இதை நான் என் மனைவியிடம் கவனித்திருக்கிறேன். இரவுப் பாட்டை அவள் எந்த நாளில் பாடினாலும் அதே சுருதியில்தான் தொடங்குகிறாள், ஒரு நாள் சளி பிடித்துக் குரல் இறங்கியிருந்தபோது இளையவன் எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தைத் தடவிப் பார்த்தான், இது யார் என்பது போல. அவன் சுருதி உணர்வு அப்படி இருக்கிறது. அதைக் கொடுத்தது யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதக் குழந்தைகளையும் அவர்கள் பெற்றோரையும் இரண்டு குழுவாகப் பிரித்து ஆறு மாதம் வகுப்பு நடத்தினார்கள், 2012ல் வெளியானது. ஒரு குழுவில் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து பாடினார்கள், தட்டினார்கள், சில பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகினார்கள். இன்னொரு குழுவில் பின்னணியில் இசைப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும், குழந்தைகள் பொம்மை வைத்து விளையாடுவார்கள். இரண்டு குழுவிலும் இசை இருந்தது. சேர்ந்து பாடிய குழுவின் குழந்தைகள் இசையை நுட்பமாகக் கேட்டது மட்டுமல்ல, விரல் நீட்டிக் காட்டுவது, கையசைத்து விடை சொல்வது போன்ற சைகைகளில் முன்னால் இருந்தார்கள், அதிகம் சிரித்தார்கள், அழுதால் சீக்கிரம் சமாதானம் ஆனார்கள். இப்போது நீங்கள் செய்திருப்பது, முதல் குழுவில் இருந்த எங்கள் பிள்ளைகளை எழுப்பி இரண்டாவது குழுவில் உட்கார வைப்பது.

திரையைப் பற்றியும் இப்படி ஒன்று இருக்கிறது. அது இசை இல்லை, மொழி, இருந்தாலும் பொருந்தும் என்று நினைக்கிறேன். பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு 2003ல் வெளியிட்டது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து 12 முறை கதை படித்து விளையாடினார்கள். அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் காணொளியாகப் போட்டுக் காட்டிய குழந்தைகள் கற்றுக்கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வயதுக்குக் கீழே உட்கார்ந்து திரை பார்க்கும் நேரமே வேண்டாம் என்கிறது, இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் அந்தக் கணக்கைக் காப்பாற்ற நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும், அதில் நீங்களும் அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதிவு செய்த பாட்டுக்கு நான் எதிரி இல்லை. எங்கள் வீட்டிலும் பாட்டு ஓடும், சேர்ந்து ஆடுவோம், சாயங்காலம் கூடத்தில் நான்கு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றுவோம். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகளுக்கு, அவர்கள் கேட்டே இராத துருக்கிய மொழியில் பதிவு செய்த பாட்டைப் போட்டபோது சுமார் ஒன்பது நிமிடம் அழாமல் இருந்தார்கள், பேச்சைப் போட்டபோது நான்கு நிமிடம்தான். பாட்டுக்கு அந்த வலு உண்டு, ஒலிபெருக்கி வழியாக வந்தாலும். ஆனால் அமைதியாக இருப்பதும் பாடுவதும் வேறு வேறு. எங்கள் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் திரை போதும், அதை மறுக்கவில்லை.

இசை கேட்டால் மூளை வளரும், கணக்கு வரும் என்ற பேச்சையும் நான் இங்கே கொண்டுவரவில்லை. 1993ல் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த ஒரு சிறிய சோதனை, அதில் மொசார்ட்டின் இசையைக் கேட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் ஒரு வகைப் புதிரில் கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள், அவ்வளவுதான். குழந்தைகள் அதில் இல்லவே இல்லை. ஐந்தே வருடத்தில், 1998ல், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்கப் பணம் கேட்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. உங்கள் புதிய திட்டத்தின் அறிமுகத் தாளில் 'அறிவுத்திறனை வளர்க்கும் இசைக் காணொளிகள்' என்று பார்த்தபோது எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள், பெற்றோர் நம்பிவிடுவார்கள்.

எங்கள் வட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இனி நடக்காது. போன வருடம் ஒரு புதிய பிள்ளை சேர்ந்தாள், வீட்டில் வேறு மொழி, இங்கே யார் பேசுவதும் அவளுக்குப் புரியாது, வாசலில் அவள் அம்மாவின் உடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை டீச்சர் அந்த அம்மாவிடம் உங்கள் பாட்டு ஒன்று பாடுங்களேன் என்றார். அவர் தயங்கித் தயங்கிப் பாடினார். ஏழு எண்ணிக்கைத் தாளம், தகிட தகதிமி, தகிட தகதிமி என்று போகும். பெரியவர்கள் எங்களுக்குக் கை தடுமாறியது, நான்காவது தட்டிலேயே எல்லோரும் முடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகிவிடுவோம், பாட்டு இன்னும் முடிந்திருக்காது. அந்தச் சின்னப் பெண் மட்டும் தன் தொடையில் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பையன் அவள் எதிரில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துத் தட்டினான். அப்புறம் இன்னொருத்தி. வகுப்பில் யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எல்லோரும் அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் அவள் வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே ஓடினாள்.

பிறகுதான் படித்தேன். ஹானன், ட்ரெஹப் இருவரும் 2005ல் காட்டியது இது. ஆறு மாதக் குழந்தை, தன் ஊர்த் தாளமானாலும் வேறு ஊர்த் தாளமானாலும், அடிகள் சம இடைவெளியில் விழுந்தாலும் விழாவிட்டாலும், அதில் பிசகினால் கண்டுபிடித்துவிடுகிறது. ஒரு வயதுக்குள் பழகிய தாளத்துக்குக் காது குறுகிவிடுகிறது. ஆனால் அந்த வயதில் கொஞ்ச நாள் வீட்டில் கேட்க வைத்தாலே மறுபடி திறந்துகொள்கிறது, பெரியவர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக வருவதில்லை. மாதிரிக்கு நீங்கள் அனுப்பிய ஆறு காணொளியையும் நான் போட்டுப் பார்த்தேன். ஆறும் நான்கு எண்ணிக்கைத் தாளம், ஆறும் ஏறக்குறைய ஒரே வேகம், ஆறிலும் ஒரே மாதிரிக் குரல். ஒரு வட்டத்தில் 15 வீட்டுப் பாட்டு இருந்த இடத்தில் இதை வைக்கிறீர்கள்.

நம் மொழியில் தாலாட்டு என்ற சொல்லிலேயே ஒரு ஆள் இருக்கிறார். தால் என்றால் நாக்கு, பாடுகிறவரின் நாக்கு ஆடுவதால் தாலாட்டு என்பார்கள். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தபோது தாலாட்டுக் கேட்பதற்கு ஒரு பருவம், இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவதற்குச் சப்பாணி என்று ஒரு பருவம் வைத்தார்கள். குழந்தை கை கொட்டுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்துப் பாடுகிற ஒருவர் அதில் எப்போதும் இருக்கிறார். அவரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, நீங்கள் சொன்ன மற்ற இரண்டு காரணத்துக்கு வருகிறேன். சத்தம் உண்மைதான். அந்த அறை வெறும் சுவர், வழுவழுப்பான தரை, மேளம் தட்டினால் எதிரொலித்துக்கொண்டே இருக்கிறது. இதைத் தடிமனான விரிப்பும் திரைச்சீலையும் பாதி சரிசெய்துவிடும், மேளத்தை ஒன்றாகக் குறைத்து முறை வைத்துத் தட்டலாம், மீதிக் கிலுகிலுப்பைகள் போதும். விரிப்பை நாங்கள் பெற்றோரே சேர்ந்து வாங்கித் தரத் தயார், ஏற்கெனவே பேசியிருக்கிறோம். ஒலிபெருக்கி இதைவிட அமைதியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், மனிதத் தொண்டைக்கு ஒரு எல்லை உண்டு, அந்தத் திருகுக்கு இல்லை. ஒழுங்கு விஷயத்திலும் எங்கள் பக்கம் தவறு இருக்கிறது. தாமதமாக வந்து கதவைத் திறப்பது, பாட்டு நடுவில் தொலைபேசியில் படம் எடுப்பது, இதெல்லாம் நானும் செய்திருக்கிறேன். கதவை நேரத்துக்கு மூடிவிடுங்கள், தொலைபேசியை வெளியே வைக்கச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

நீங்கள் எழுதாத, ஆனால் நான் மதிக்கிற ஒரு காரணம் இருக்கிறது. வேலையை விட்டு வர முடியாத பெற்றோரின் பிள்ளைகள் அந்த அரை மணி நேரம் மடி இல்லாமல் உட்கார்ந்திருப்பது. அதைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. பக்கத்து வட்டத்தில் ஒரு தாத்தா வருவார், காது சரியாகக் கேட்காது, மேளத்தின் தோலில் உள்ளங்கையை வைத்து அதிர்வை வைத்தே தாளம் பிடிப்பார். பேத்தி ஒரு தொடையில், அம்மா வராத வேறொரு பையன் இன்னொரு தொடையில். அவன் கையையும் பிடித்துத் தோலின் மேல் வைப்பார். இதற்கு வழி இப்படித்தான் இருக்கும், எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் மடியை எடுத்துவிடுவதில் இருக்காது.

சேர்ந்து இசைப்பது பிள்ளைகளை ஒருவருக்கு ஒருவர் இணக்கமாக்குகிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 14 மாதக் குழந்தையை இசைக்கு ஏற்றபடி, எதிரில் இருப்பவரோடு ஒரே நேரத்தில் குதிக்க வைத்தால், பிறகு அவர் கை தவறி எதையாவது கீழே போடும்போது ஓடிப்போய் எடுத்துக்கொடுப்பது அதிகமாகிறது. நான்கு வயதுப் பிள்ளைகளிடமும் இதே போல, சேர்ந்து பாடி ஆடியவர்கள் அதன் பிறகு ஒருவருக்கொருவர் உதவினார்கள். அந்தத் தாத்தாவின் இரண்டு தொடையிலும் உட்கார்ந்த இருவரும் இப்போது பையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எது எதனால் என்று நான் சொல்லப்போவதில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

பல பெற்றோர் உங்களிடம் பேசத் தயங்குகிறார்கள், பேசினால் பிள்ளையை வேறு மாதிரிப் பார்ப்பீர்களோ என்ற பயம். அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பாட்டு டீச்சரிடமும் கேட்காமல் எடுத்த முடிவு இது. அவரிடம் விசாரித்தபோது சுற்றறிக்கையை எங்களோடு சேர்த்துத்தான் அவரும் படித்ததாகச் சொன்னார். குழந்தைகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, 1989ல் ஏற்கப்பட்டது, அதன் 31ஆம் பிரிவு விளையாடவும் கலைகளில் பங்கெடுக்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. பங்கெடுப்பது என்றால் அதில் பார்ப்பது மட்டும் அடங்காது.

நாங்கள் கேட்பது இவைதான். அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். குறிப்பாக, பயிற்சி இல்லாத பெரியவர்கள் பாடுவது குழந்தைகளைக் கெடுக்கும் என்ற வரி தவறு என்று எழுத்தில் சொல்லுங்கள், ஏனென்றால் அதைப் படித்த பிறகு என்னிடம் இரண்டு அம்மாக்கள் வீட்டில் பாடுவதையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு எட்டு வயதில் நடந்தது அவர்களுக்கு இப்போது நடக்கிறது, இதை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை அரை மணி நேரத்தை முன்பு போலவே, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று நடத்துங்கள். அம்மாவோ அப்பாவோ தாத்தா பாட்டியோ யார் வேண்டுமானாலும் வரட்டும். வர முடியாதவர்களின் பிள்ளைகள் யார் மடியில் உட்காருவார்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுங்கள், நான் முதலில் பெயர் கொடுக்கிறேன், எனக்கு இரண்டு தொடை இருக்கிறது. மாதம் ஒரு முறை அந்த வேளையைச் சாயங்காலத்துக்கு மாற்றினால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம்.

நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பாட்டு என்ற பெயரில் திரை வேண்டாம். வேறு எதற்காகவாவது திரை போடுவதாக இருந்தால் எவ்வளவு நேரம், என்ன என்று வாராவாரம் எங்களுக்குச் சொல்லுங்கள். நான்கு வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கான பயிற்சியை வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்லபடியாக நடக்கட்டும், ஆனால் அதில் சேர்க்கக் குரல் சோதனை வைக்காதீர்கள். என் மகளுக்கு ஐந்து வயது. அவள் அதில் நிற்கும்போது யாரும் பக்கத்தில் வந்து குனிந்து வாயை மட்டும் அசை என்று சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு உறுதி வேண்டும்.

பாட்டு டீச்சர் அந்த வட்டத்தை நடத்தத் தொடர வேண்டும், இந்த மடலால் அவருக்கு எந்தச் சிக்கலும் வரக் கூடாது. இதை எழுதச் சொன்னது அவர் இல்லை, எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது.

புதிய ஏற்பாடு தொடங்கும் நாளுக்கு முன்னால் எங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுங்கள். அதை ஒரு வெள்ளிக்கிழமை, அந்தக் கடைசி அரை மணி நேரத்தில், அதே அறையில் வையுங்கள். பாயில் வந்து உட்காருங்கள். குருவிப் பாட்டில் அந்த இடம் வரும்போது இளையவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு, அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் ஒரு தகப்பன்